ஒற்றைத் தண்டவாளமும் ஒரு மணிநேரக் காத்திருப்பும்: கூலாய் வழி இரயில் வரலாறு



"மலாயாவில் இரயில் பாதைகள் அமைக்கப்பட்டதன் நோக்கங்கள் யாவை?" வரலாற்றுப் பாடத்தில் நமக்கெல்லாம் பழகிப்போன கேள்வி. பதிலும் மனப்பாடம்தான். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக, இரப்பரைக் கொண்டுபோக, நிர்வாகத்தை எளிதாக்க. மூன்று புள்ளி எழுதி, மூன்று மதிப்பெண் வாங்கி, அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்த மூன்று புள்ளிகளும் இன்றைக்கும் நம்முடைய காலை நேரத்தைத் தின்றுகொண்டிருக்கின்றன என்று வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் கொமூட்டர் இரயிலில் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? "வண்டி எப்ப வரும்னு தெரியாது, வந்தா ஏற இடமிருக்காது." கூலாயில் இருக்கிற நம்மைக் கேட்டால்? "இங்க வேலைக்குப் போற நேரத்துக்கு வண்டியே கிடையாது, அப்புறம் எங்க கூட்டம்?" ஒரு பக்கம் நெரிசல், இன்னொரு பக்கம் வெறும் மேடை. பார்ப்பதற்கு இரண்டு வேறு பிரச்சினைகள் மாதிரி தெரியும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் கருத்து. பாதை யாருக்காகப் போடப்பட்டது, எத்தனை தண்டவாளம் போடப்பட்டது என்ற பழைய முடிவில் அந்த வேர் இருக்கிறது. அதை இந்தக் கட்டுரையில் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம், வாங்க.

சரக்குக்காகப் போட்ட பாதை

மலாயாவின் முதல் இரயில் 1885 ஜூன் 1-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட்வெல்ட் வரை ஓடியது. தூரம் எட்டு மைல் சொச்சம். அடுத்த ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் மறுகரையிலிருந்த புக்கிட் கூடா வரை இரண்டாவது பாதை. 1891-இல் சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு மூன்றாவது. வரைபடத்தை எடுத்து இந்த மூன்றையும் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். எல்லாக் கோடும் ஈய வயலில் தொடங்கிக் கடலில் முடியும். ஓர் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்கு மனிதர் போய்வர ஒரு கோடுகூட இல்லை. வடக்கு தெற்காக நீளும் முதுகெலும்புப் பாதை பிறகுதான் வந்தது. 1903-இல் பிறையும் சிரம்பானும் இணைந்தன. 1906 வாக்கில் பாதை கிம்மாஸைத் தொட்டது. அங்கே வந்து நின்றுவிட்டது, ஏனென்றால் அதற்கு அந்தப்பக்கம் ஜொகூர்.

தேர்வு மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896-இல் கூட்டு மலாய் மாநிலங்களாகிவிட்டன. ஜொகூர் அதில் சேரவில்லை. அங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்டு கிடையாது. சுல்தான் இப்ராகிம் தம் மாநிலத்தின் வழியாகப் போகும் பாதை யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். 1904-இல் ஜொகூர் இரயில்வே உடன்படிக்கை கையெழுத்தானது. கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு பணத்தைக் கடனாகக் கொடுத்தது. 1909-இல் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை சுமார் 193 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. பெயர் 'ஜொகூர் மாநில இரயில்வே'. ஆனால் 1912-இல் அது கூட்டு மலாய் மாநிலங்களின் இரயில்வேக்குக் குத்தகைக்குப் போனது. இரண்டு ஆண்டு கழித்து, 1914-இல், ஜொகூர் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்றுக்கொண்டது. கடன், குத்தகை, ஆலோசகர் என்ற வரிசையைக் கவனித்தீர்களா? 'ஜொகூரில் பிரிட்டிஷ் தலையீடு' என்ற கேள்விக்கு இரயிலைச் சேர்த்து எழுதுகிற மாணவர் குறைவு. எழுதினால் விடைக்குக் கனம் கூடும்.

இரயிலுக்கு முன்னால் ஜொகூரின் வாழ்க்கை ஆற்றோரத்தில் இருந்தது. கங்சு முறையில் சீனர்கள் மிளகும் கம்பீரும் பயிரிட்டது ஆறுகளை ஒட்டித்தான். சரக்கு படகில் போகும். தண்டவாளம் வந்ததும் ஊர்களின் இருப்பிடமே மாறியது. சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என்று உள்நாட்டில் நிலையங்கள் வரிசையாக வந்தன. இருபுறமும் காடு வெட்டி இரப்பர் நட்டார்கள். அந்தத் தோட்டங்களுக்கு ஆள் எங்கிருந்து வந்தது என்பதை நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1907-இல் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி கப்பல் செலவைக் கொடுத்தது. கங்காணி ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்.

தோட்டத்துக்கு மட்டுமல்ல, தண்டவாளத்துக்கும் தமிழர்தான் வந்தார்கள். தோட்டங்களுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியத் தொழிலாளர்களை அதிகம் வேலைக்கு வைத்திருந்தவை இரயில்வேயும் பொதுப்பணித் துறையும். சல்லிக்கல் கொட்டி, ஸ்லீப்பர் கட்டை மாற்றி, மழையில் மண் சரிந்தால் ஓடிப்போய்ச் சீர்படுத்திய 'கேங்' ஆட்கள் அவர்கள். நிலைய அதிகாரி, குமாஸ்தா வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர் நிறையப் பேர் இருந்தனர். இப்படி, பாதையைப் பராமரித்த கையும் தமிழ்க் கை, டிக்கெட் கிழித்த கையும் பெரும்பாலும் தமிழ்க் கை. அந்தக் கைகள் தினமும் வேலைக்குப் போய்வர வண்டி வேண்டுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்க அவசியமும் அப்போது இருந்திருக்காது. தோட்டத்தில் லயமும் வேலைக்காடும் ஒரே இடம். விடிகாலைப் பெரட்டுக்கு நடந்தே போய்விடலாம். இரயில் என்பது தீபாவளிக்குப் பட்டணம் போக, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக.

ஒரு வளையம், ஒரு வண்டி

இப்போது கொஞ்சம் தொழில்நுட்பம். பயப்பட வேண்டாம், கணக்கு எளிமைதான்.

ஜொகூர் வழியாகப் போட்டது ஒற்றைத் தண்டவாளம். வடக்கே போகிற வண்டியும் தெற்கே வருகிற வண்டியும் அதே இரண்டு இரும்புக் கம்பிகள் மேல்தான் ஓட வேண்டும். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் எங்காவது ஒதுங்கியாக வேண்டுமல்லவா? அதற்காக நிலையங்களில் பக்கத் தண்டவாளம் இருக்கும். ஒரு வண்டி அங்கே ஒதுங்கி நிற்கும், மற்றது கடந்து போகும். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் இருக்க வேண்டும். அதை உறுதிசெய்ய ஒரு பழைய ஏற்பாடு உண்டு. அந்தப் பகுதிக்கு உரிய 'டோக்கன்' யார் கையில் இருக்கிறதோ அந்த ஓட்டுநர்தான் உள்ளே போகலாம். பெரிய வளையத்தில் பை கட்டி, அதற்குள் டோக்கனை வைத்து, மெதுவாக ஓடும் வண்டியின் ஓட்டுநரிடம் நிலைய ஊழியர் நீட்டுவார். இதெல்லாம் எந்தக் காலத்துக் கதை என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூர் புக்கிட் தீமா நிலையத்தில் 2011 ஜூன் வரைக்கும் இந்த வளையம் கைமாறியது.

சரி, கணக்கு. கற்பனையாக இரண்டு நிலையங்கள். நடுவே 10 கிலோமீட்டர். கடக்க 12 நிமிடம், ஒதுங்கி வழிவிட 3 நிமிடம் என்று வையுங்கள். ஒரு வண்டிக்கு 15 நிமிடம். அப்படின்னா ஒரு மணி நேரத்தில் மொத்தம் நான்கு வண்டி, ஒரு திசைக்கு இரண்டு. அதிலும் ஒரு நெடுந்தூர விரைவு வண்டியும் ஒரு சரக்கு வண்டியும் குறுக்கே வந்தால், உள்ளூர்க்காரருக்கு மிச்சம் திசைக்கு ஒன்று. இதே தூரத்துக்கு இரண்டு தண்டவாளம் போட்டு, சமிக்ஞை விளக்குகளை நெருக்கமாக வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டால்? திசைக்கு 12. ஒன்றுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் 'புறநகர் இரயில்' என்ற சொல்லின் முழுப்பொருளும்.

நெரிசலுக்கும் இதே கணக்கைத் திருப்பிப் போடலாம். காலை ஆறு முதல் எட்டு வரை 1,200 பேர் ஒரு நிலையத்துக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கால் மணிக்கு ஒரு வண்டி என்றால் எட்டு வண்டி, வண்டிக்கு 150 பேர். அரை மணிக்கு ஒன்று என்றால் நான்கு வண்டி, வண்டிக்கு 300 பேர். அதில் ஒன்று பழுதாகி நின்றுவிட்டால் அடுத்த வண்டிக்கு 600 பேர். 600 பேர் ஏறி இறங்க நேரம் பிடிக்கும். அதனால் அந்த வண்டி இன்னும் தாமதமாகும். அடுத்த நிலையத்தில் அதற்குள் இன்னும் ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். ஆக, நெரிசலைப் பார்த்துவிட்டு "ஜனத்தொகை கூடிப்போச்சு" என்று சொல்வது பாதி உண்மைதான். இடைவெளி கூடிப்போச்சு என்பது மறுபாதி. காரண–விளைவு வினாக்களுக்குப் பயிற்சி கொடுக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

அதே அகலம், வேறு தீர்மானம்

"டீச்சர், நம்ம தண்டவாளம் சின்னது, அதனாலதான் நிறைய வண்டி விட முடியல" என்று ஒரு மாணவர் வகுப்பில் சொன்னார். தண்டவாளத்தின் அகலத்தைத்தான் சொல்கிறார். நம்முடையது ஒரு மீட்டர் அகலம், மீட்டர் கேஜ். உலகில் பல நாடுகளின் பாதையைவிடக் குறுகலானது. ஆனால் அகலம்தான் காரணமா? இதற்கு விடை சென்னையில் இருக்கிறது.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் 29 கிலோமீட்டர். கூலாயிலிருந்து ஜொகூர் பாருவுக்கும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். கடற்கரை–தாம்பரம் பாதையும் நம்முடையதைப் போலவே மீட்டர் கேஜ். அதை நடத்தியதும் ஒரு பிரிட்டிஷ் கால நிறுவனமான தென்னிந்திய இரயில்வே. 1931 மே மாதம் அந்தப் பாதையில் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம், சைதாப்பேட்டை, பரங்கிமலை, பல்லாவரம் என்று நகருக்கு வெளியே மக்கள் குடியேறிக்கொண்டிருந்த நேரம் அது. அவர்கள் காலையில் வேலைக்கு வந்து மாலையில் திரும்பப் போவார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, போக ஒன்று வர ஒன்று என்று தண்டவாளம் வைத்து, மின்சாரம் கொடுத்து, அடிக்கடி வண்டி விட்டார்கள். அந்த மீட்டர் கேஜ் மின்வண்டிகள் 2004 வரை எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடின. பிறகுதான் பாதை முழுக்க அகலப்படுத்தப்பட்டது.

இதைப் படித்துவிட்டுச் சென்னையில் நெரிசலே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அங்கே காலை நேரத்தில் படியில் தொங்கிக்கொண்டு போவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். என் வாதம் வேறு. அதே அகலம், அதே காலம், அதே ஏகாதிபத்தியம். அங்கே வேலைக்குப் போகிற மனிதரைப் பயணியாகப் பார்த்தார்கள், இங்கே இரப்பர் மூட்டையைப் பார்த்தார்கள். அங்கே புறநகர் இரயிலோடு சேர்ந்து வளர்ந்தது. இங்கே புறநகர் வளர்ந்தபோது இரயில் பழைய இடத்திலேயே நின்றது.

போர், அவசரகாலம், சடக்கு

அடுத்த நாற்பது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1923-இல் ஜொகூர் நீரிணையின் கரைப்பாலத்தில் இரயில் ஓடத் தொடங்கியது. செப்டம்பரில் சரக்கு வண்டிகள், அக்டோபரில் பயணிகள் வண்டி. இங்கேயும் சரக்குதான் முந்திக்கொண்டது என்பதைப் பாருங்கள்! 1924 ஜூனில் அதிகாரப்பூர்வத் திறப்பு விழா. அதற்குமுன் சரக்கானாலும் ஆளானாலும் நீரிணையைப் படகில்தான் கடக்க வேண்டும்.

ஜப்பானியர் காலத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தி. கிழக்குக்கரைப் பாதையிலிருந்தும் சில கிளைப் பாதைகளிலிருந்தும் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுபோனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்களை மூடிய சரக்குப் பெட்டிகளில் அடைத்து அதே இடத்துக்கு ஏற்றிப்போனார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். 'நெரிசல்' என்ற சொல்லை நம் தோட்டத்துப் பெரியவர்கள் எந்த நினைவோடு சொல்வார்கள் என்பதை இளைய ஆசிரியர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்காகவே இதை இங்கே சேர்த்தேன்.

1948-இல் அவசரகாலம் வந்தது. கூலாய் வட்டாரம் கம்யூனிஸ்டுகளின் நடமாட்டம் மிகுந்த பகுதிகளுள் ஒன்று. இரயில்கள் தாக்கப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. பிரிக்ஸ் திட்டத்தின்படி புறம்போக்கில் வாழ்ந்த மக்கள் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அந்தக் கிராமங்கள் பெரும்பாலும் சடக்கோரமாக அமைந்தன, இராணுவ லாரி சுலபமாக வந்து போக வேண்டுமே! இப்படித்தான் மக்கள் குடியிருப்பு மெல்ல மெல்லத் தண்டவாளத்தை விட்டுச் சடக்கின் பக்கம் சாய்ந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தச் சாய்வு இன்னும் வேகமாயிற்று. தோட்டங்களில் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு தோட்டங்களே துண்டுதுண்டாக விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்திலிருந்து வெளியேறிய நம் மக்கள் தாமான்களிலும் மலிவு விலை வீடுகளிலும் குடியேறினார்கள். செனாய், கூலாய்ப் பக்கம் தொழிற்சாலைகள் எழுந்தன. முதன்முறையாக வீடு ஓரிடம், வேலை வேறிடம் என்று ஆனது. சென்னையில் 1931-இல் இருந்த நிலைமை கூலாய்க்கு 1980-களில் வந்தது. அந்த நேரத்தில் ஜொகூர் பாதைக்கு இரண்டாவது தண்டவாளம் போட்டிருக்க வேண்டும். போட்டது நெடுஞ்சாலை. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. 1985-இலேயே புரோட்டோன் சாகா வந்துவிட்டது. கார் வாங்க முடிந்தவர் கார் வாங்கினார், முடியாதவர் மோட்டார் வாங்கினார், அதுவும் முடியாதவருக்குக் கம்பெனி பஸ்.

நெரிசல் தண்டவாளத்தில் இல்லாவிட்டாலும் சடக்கில் இருக்கிறது. கரைப்பாலத்தில் நாள்தோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லையைக் கடக்கிறார்கள் என்பார்கள். விடிவதற்கு வெகுமுன்பே மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு கூலாயிலிருந்து மோட்டாரில் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறவர்கள் உங்கள் பள்ளியிலும் யாருடைய அப்பாவாகவோ அண்ணனாகவோ இருப்பார்கள். மதியம் வகுப்பில் தூங்கிவிழும் பிள்ளையிடம் "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தே?" என்று கேட்கிறோம். அப்பா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறார் என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பாடம்

இரண்டாவது தண்டவாளம் முதலில் கிடைத்தது தலைநகருக்கு. 1995-இல் கே.டி.எம். கொமூட்டர் தொடங்கியது. ரவாங்–சிரம்பான், செந்தூல்–கிள்ளான் துறைமுகம் என்று இரண்டு வழி. நாட்டின் முதல் மின்சார இரயில் அதுதான். மூன்று பெட்டி கொண்ட வண்டிகள் மொத்தம் 62 வாங்கப்பட்டன. கொஞ்ச காலத்திலேயே மக்கள் அதை நம்பி வீடு வாங்கத் தொடங்கினார்கள், சிரம்பானில் வீடும் கோலாலம்பூரில் வேலையுமாக.

பிறகு என்ன ஆயிற்று? வண்டிகள் பழசாயின, உதிரிப் பாகங்கள் கிடைக்கவில்லை, ஒன்றொன்றாகப் பட்டறைக்குள் போயின. 2010 வாக்கில் ஓடும் நிலையில் இருந்தவை பாதிகூட இல்லை. வண்டி குறைந்தது, இடைவெளி கூடியது, மேலே நாம் போட்ட 600 பேர் கணக்கு நிஜமாக நடந்தது. நெரிசலில் பெண்கள் படும் தொல்லை பெரிதாகப் பேசப்பட்டு, 2010 ஏப்ரலில் பெண்களுக்கான தனிப் பெட்டி வந்தது. நடுப்பெட்டியில் இளஞ்சிவப்பு ஒட்டு ஒட்டியிருப்பார்களே, அதுதான். அது தேவையான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் நெரிசலைக் குறைத்தது தனிப் பெட்டியன்று. 2012-இலிருந்து சீனாவில் செய்து வந்த ஆறு பெட்டி வண்டிகள் 38-தான் நெரிசலைத் தணித்தன.

கதை அதோடு முடியவில்லை. தேய்ந்துபோன தண்டவாளத்தைச் சீர்படுத்த 2016-க்குப் பிறகு நீண்டகாலப் பணி தொடங்கியது. வேலை நடக்கும் இடங்களில் ஒரு தண்டவாளத்தை மூடிவிட்டு, மறு தண்டவாளத்தில் இரண்டு திசை வண்டிகளையும் விட்டார்கள். அதாவது, சில கிலோமீட்டர் தூரத்துக்கு இரட்டைப் பாதை திரும்பவும் ஒற்றைப் பாதையானது. கால் மணிக்கு ஒரு வண்டி என்றிருந்தது அரை மணிக்கு ஒன்று, சில வேளைகளில் அதற்கும் மேல் என்று ஆயிற்று. கூலாய்க்காரர்கள் நூறு ஆண்டுகளாக வாழ்ந்த வாழ்க்கையைத் தலைநகர்க்காரர்கள் சில ஆண்டுகள் வாழ்ந்து பார்த்தார்கள் என்று நான் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கடைசியாக வந்த தண்டவாளம்

வடக்கே ரவாங்–ஈப்போ இரட்டைப் பாதை முதலில் முடிந்து, 2010-இல் இ.டி.எஸ். எனும் மின்சார விரைவு இரயில் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே ஓடியது. வடகோடியிலிருந்து தென்கோடி வரை இரட்டிப்பாக்கும் பெரிய திட்டம் அதற்கு முன்பே பேசப்பட்டதுதான். ஆனால் 2003 இறுதியில் பிரதமர் அப்துல்லா அகமட் படாவியின் அரசு செலவைக் காரணம் காட்டி அதை ஒத்திவைத்தது. பின்னர் வடபகுதிக்கு மீண்டும் உயிர் வந்து, 2014-இல் பாடாங் பெசார் வரை முடிந்தது. சிரம்பான்–கிம்மாஸ் பகுதியை இந்திய அரசு நிறுவனமான இர்கான் 2013-இல் முடித்தது. கிம்மாஸுக்குத் தெற்கே? 1906-இல் பாதை நின்ற அதே இடத்தில் இரட்டைப் பாதையும் வந்து நின்றது. ஜொகூர்ப் பயணிகள் கிம்மாஸில் இறங்கி, டீசல் வண்டிக்கு மாற வேண்டிய நிலை பல ஆண்டு நீடித்தது.

இதற்கு நடுவில் தெற்கு முனையும் சுருங்கியது. 2011 ஜூன் 30 இரவு சிங்கப்பூர் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி இரயில் கிளம்பியது. அதை ஓட்டிவந்தவர் அப்போதைய ஜொகூர் சுல்தான், இன்றைய மாமன்னர், சுல்தான் இப்ராகிம். 1904 உடன்படிக்கைக் காலத்துச் சுல்தான் இப்ராகிம் அவருடைய கொள்ளுப்பாட்டனார். மறுநாளிலிருந்து சிங்கப்பூரில் இரயில் உட்லண்ட்ஸோடு சரி. 2015 ஜூலை முதல் ஜொகூர் பாரு–உட்லண்ட்ஸ் இடையே 'ஷட்டல் தெப்ராவ்' ஓடுகிறது. ஐந்து நிமிடப் பயணம்தான். டிக்கெட் கிடைப்பதுதான் பெரும்பாடு.

கிம்மாஸ்–ஜொகூர் பாரு இரட்டைப் பாதைப் பணி ஒருவழியாகத் தொடங்கி, ஏறத்தாழ 192 கிலோமீட்டர் மின்மயமானது. 2025 ஆகஸ்டு இறுதியில் இ.டி.எஸ். குளுவாங் வரை வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜொகூர் பாருவைத் தொட்டது. கூலாயில் பழைய சின்ன நிலையம் இருந்த ஊர் இப்போது மின்தூக்கியும் மேம்பாலமும் கொண்ட நிலையத்தைப் பார்க்கிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம், அதுவும் அதே ஒரு மீட்டர் அகலத்தில்! என் மாணவருக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

ஆனால் கொண்டாடுவதற்கு முன் அட்டவணையைப் பாருங்கள். கூலாயைக் கடப்பவை முதன்மையாக நெடுந்தூர வண்டிகள். முன்கூட்டியே இருக்கை பதிவுசெய்து கோலாலம்பூருக்குப் போக அவை அருமை. காலை ஆறரைக்கு ஜொகூர் பாருவில் வேலைக்கு நிற்க வேண்டிய ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கோ தாதிக்கோ அவை உதவா. தடை இத்தனை நாள் தண்டவாளத்தில் இருந்தது, இப்போது அட்டவணைக்கு மாறியிருக்கிறது.

இங்கேதான் ஒரு பழைய தர்க்கம் மறுபடியும் தலைகாட்டும் என்று நான் அஞ்சுகிறேன். "கூலாயில் ஏறுகிறவர்கள் குறைவு, எனவே கூடுதல் வண்டி தேவையில்லை." குறைவாக வண்டி விட்டால் குறைவாகத்தான் ஏறுவார்கள். வேலைநேரத்துக்கு ஒத்துவராத வண்டியை யார் நம்பி மோட்டாரை விற்பார்கள்? மூன்று லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் மாவட்டம் இது. தேவையைச் சடக்கில் எண்ண வேண்டும், காலியான மேடையில் எண்ணக் கூடாது. 1995-இல் கொமூட்டர் வருவதற்கு முன் சிரம்பான் மேடையில் நின்று எண்ணியிருந்தால் அங்கேயும் இதே விடைதான் வந்திருக்கும்.

இன்னும் ஒரு செய்தி இந்தக் கேள்வியை அவசரமாக்குகிறது. ஜொகூர் பாரு நிலையத்துக்குப் பக்கத்திலேயே, புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஆர்.டி.எஸ். எனும் புதிய இரயில் வரப்போகிறது. நான்கு கிலோமீட்டர் தூரம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர்வரை ஏற்றிச்செல்லும் திறன். 2026 இறுதி அல்லது 2027 தொடக்கத்தில் சேவை தொடங்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. நீரிணையைத் தாண்டும் அந்த நான்கு கிலோமீட்டருக்குச் சில நிமிடத்துக்கு ஒரு வண்டி. அதற்கு முந்திய முப்பது கிலோமீட்டருக்கு? கூலாயிலிருந்து அடிக்கடி வண்டி இல்லையென்றால், அந்த 10,000 பேரில் பலர் புக்கிட் சாகார் வரை மோட்டாரிலும் காரிலும்தான் வந்து சேர்வார்கள். நெரிசல் கரைப்பாலத்திலிருந்து ஜொகூர் பாரு நகரச் சடக்குகளுக்கு இடம் பெயரும்.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இந்தப் பாடத்தை ஒரு சிறு களப்பணியாக்கலாம். மாணவர்களை மூன்று குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு கூலாய் நிலையத்தின் இன்றைய அட்டவணையை எடுத்து, காலை ஐந்து முதல் எட்டு மணிவரை தெற்கே போகும் வண்டிகளை எண்ணட்டும். இன்னொரு குழு, அதே மூன்று மணி நேரத்தில் தங்கள் தாமானிலிருந்து எத்தனை பேர் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் எதில் போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்கட்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். மூன்றாவது குழு தாத்தா பாட்டியிடம் போகட்டும். "உங்க காலத்துல இரயில்ல எதுக்குப் போனீங்க? வேலைக்கு என்னைக்காவது போனீங்களா?" இந்த இரண்டு கேள்வி போதும்.

தேர்வு மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. "பிரிட்டிஷார் நாட்டை மேம்படுத்த இரயில் பாதை அமைத்தனர்" என்று பொதுப்படையாக எழுதாதீர்கள். எங்கிருந்து எங்கே, எந்தச் சரக்குக்காக, யார் பணத்தில், யார் உழைப்பில் என்று எழுதுங்கள். 'இன்றைய தாக்கம்' கேட்கும் வினாவுக்கு ஒற்றைத் தண்டவாளத்தையும் 2025-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். களப்பணியில் கிடைத்த எண்களை எங்களுக்கு அனுப்பிவைத்தால் அடுத்த இதழில் பள்ளிவாரியாக வெளியிடுவோம். மூன்றாவது குழு கொண்டுவரும் பதில்களைப் பேச்சுத்தமிழிலேயே எழுதி அனுப்புங்கள், திருத்த வேண்டாம்.